கர்ப்பகால சர்க்கரை: பிரசவச் சிக்கல் வருமா என்பதை ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே சொல்லுமா? எந்த டெஸ்ட், எந்த மாதம்? முழு விளக்கம்

டம்ளரில் கலக்கிக் கொடுக்கும் குளுக்கோஸ் தண்ணீர். இரண்டு மணி நேரக் காத்திருப்பு. அப்புறம் கையில் ஒரு ஊசி. ரிசல்ட்டில் 140ஐத் தொட்டுவிட்டால், "உங்களுக்கு கர்ப்பகால சுகர் இருக்கும்மா" என்கிறார் நர்ஸம்மா.

அடுத்த நிமிடமே கேள்விகள் வரிசை கட்டும். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? நார்மல் டெலிவரி ஆகாதா? இன்சுலின் போடணுமா? சுகர் இருக்கிற எல்லாருக்குமே சிக்கல் வருமா, இல்லை சிலருக்கு மட்டுமா?

கடைசிக் கேள்விதான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி. கர்ப்பகால சர்க்கரை உள்ள பெரும்பாலான பெண்கள் ஆரோக்கியமான குழந்தையைத்தான் பெற்றெடுக்கிறார்கள். ஆனால் சிலருக்குச் சிக்கல் வருகிறது. அந்தச் சிலர் யார் என்று ரத்தத்தை வைத்தே முன்கூட்டிச் சொல்ல முடியுமா? எந்த டெஸ்ட் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கும் ஒரு கர்ப்பிணி எந்த மாதத்தில் எதைத் தவறவிடக் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கர்ப்பகால சர்க்கரை என்றால் என்ன?

கர்ப்பம் வளர வளர, நஞ்சுக்கொடியில் இருந்து சில ஹார்மோன்கள் சுரக்கின்றன. குழந்தைக்குத் தடையில்லாமல் சத்து போக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் இதே ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலின் வேலை செய்வதை மந்தமாக்குகின்றன. பெரும்பாலான பெண்களுக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சமாளித்துவிடும். சமாளிக்க முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. இதுதான் கர்ப்பகால சர்க்கரை. டாக்டர்கள் சுருக்கமாக 'ஜிடிஎம்' என்பார்கள்.

"நான் ஸ்வீட்டே சாப்பிட மாட்டேன், எனக்கு எப்படி வந்துச்சு?" என்று பலர் கேட்பது இதனால்தான். நீங்கள் சாப்பிட்ட லட்டு மட்டும் காரணம் இல்லை. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை இருப்பது, உடல் எடை, வயது, முந்தைய பிரசவத்தில் சுகர் இருந்தது, பிசிஓஎஸ் என்று பல காரணங்கள் சேர்கின்றன.

என்னென்ன சிக்கல் வரலாம்?

தாயின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் குழந்தையின் உடலில் கொழுப்பைச் சேர்க்கிறது. இதிலிருந்துதான் பல சிக்கல்கள் கிளம்புகின்றன.

- குழந்தையின் எடை அளவுக்கு மீறிக் கூடுவது, அதனால் சிசேரியன் தேவைப்படுவது
- நார்மல் டெலிவரியில் குழந்தையின் தோள்பட்டை சிக்கிக்கொள்வது
- பிறந்த சில மணி நேரத்தில் குழந்தையின் சர்க்கரை திடீரெனக் குறைவது
- மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை
- பனிக்குட நீர் அதிகமாவது, குறைமாதப் பிரசவம்
- தாய்க்கு ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் ப்ரீ-எக்ளாம்ப்சியா
- அரிதாக, வயிற்றிலேயே குழந்தை இறப்பது

பட்டியல் பயமுறுத்தலாம். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவை வரும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது. முன்கூட்டித் தெரிந்துகொள்வது முக்கியம் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

140 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கர்ப்பிணிகளுக்கு இவ்வளவுக்கு மேல் சர்க்கரை இருந்தால் பிரச்னை என்று முதலில் கணக்குப் போட்டவர்கள் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஓ'சல்லிவனும் மாஹனும். ஆண்டு 1964. ஆனால் அவர்கள் தேடியது குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அல்ல. அந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வருமா என்பதைத்தான்.

குழந்தையை மையமாக வைத்த பெரிய ஆய்வு வர 2008 வரை ஆனது. 9 நாடுகளில் சுமார் 25,000 கர்ப்பிணிகளிடம் நடந்த அந்த ஆய்வின் பெயர் 'ஹாப்போ'. அந்த 9 நாடுகளில் இந்தியா இல்லை. ஆய்வில் தெரிந்த உண்மை என்ன தெரியுமா? இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் முழுப் பாதுகாப்பு, மேலே போனால் ஆபத்து என்று ஒரு கோடே கிடையாது. சர்க்கரை அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏற, குழந்தையின் எடை, சிசேரியன், பிறந்த குழந்தையின் சர்க்கரை குறைவு ஆகிய மூன்றும் கூடவே ஏறிக்கொண்டே போகின்றன. படிக்கட்டு மாதிரி இல்லை, சரிவுப் பாதை மாதிரி.

அதன்பிறகு உலக அளவில் வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 என்று வரம்புகள் வகுக்கப்பட்டன.

நம்ம ஊரில் நடைமுறை வேறு. காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து காத்திருப்பது கர்ப்பிணிகளுக்குச் சிரமம். சென்னையைச் சேர்ந்த மூத்த சர்க்கரை நோய் மருத்துவர் வி.சேஷையாவும் அவரது குழுவினரும் இதற்காகவே எளிய முறை ஒன்றை முன்வைத்தார்கள். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால சர்க்கரை. இதுதான் 'டிப்ஸி' முறை.

எல்லா கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை என்று தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டே உத்தரவிட்டது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலும் பிறகு இதே முறையை ஏற்றுக்கொண்டது. சேஷையா குழுவினர் 2008ல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வில் நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமங்களில் 9.9 சதவீதம் கர்ப்பிணிகளுக்கு இந்தச் சர்க்கரை இருந்தது. கிராமத்தில் வேலை செய்கிற உடம்புக்கு சுகர் வராது என்ற நம்பிக்கை அப்போதே உடைந்துவிட்டது.

டிப்ஸி முறை மீது விமர்சனமும் உண்டு. வெறும் வயிற்றில் செய்யும் முழுப் பரிசோதனையோடு ஒப்பிட்டால் இது பலரைத் தவறவிடுகிறது என்று சென்னையைச் சேர்ந்த இன்னொரு ஆய்வுக் குழு 2014ல் சுட்டிக்காட்டியது. நேர்த்தியான டெஸ்டைச் சிலருக்குச் செய்வதா, எளிய டெஸ்டை எல்லாருக்கும் செய்வதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஒரு முறை நெகட்டிவ் வந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெச்பிஏ1சி டெஸ்ட் சிக்கலை முன்கூட்டிச் சொல்லுமா?

மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் டெஸ்ட் இது. ரத்த சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறார்கள்.

கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே இது 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்திருக்கிறது என்று பொருள். இது முக்கியமான தகவல். குழந்தையின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாகும் முதல் வாரங்களிலேயே அதிக சர்க்கரை இருந்திருக்கலாம் என்பதால், ஸ்கேனைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

6.5க்குக் கீழே இருந்தாலும் தகவல் இருக்கிறது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் சுமார் 16,000 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2014ல் வெளியானது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் 5.9 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிறவிக் குறைபாடு, ப்ரீ-எக்ளாம்ப்சியா, தோள் சிக்குவது, குழந்தை இறப்பு ஆகியவற்றின் ஆபத்து கூடியிருந்தது.

அப்படியென்றால் எல்லாருக்கும் இதையே எடுத்துவிடலாமே? இங்கேதான் ஒரு பெரிய 'ஆனால்'.

ரத்தசோகை இருந்தால் ரிசல்ட் மாறும்

2019-21ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 52.2 சதவீத கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் கிட்டத்தட்ட பாதிப் பேர். ஹெச்பிஏ1சி அளக்கப்படுவதே ஹீமோகுளோபினில்தான். ரத்தம் குறைவாக இருந்தால் கணக்கு குழம்பும்.

- இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம்.
- இரும்புச்சத்து மாத்திரையோ ஊசியோ எடுத்துப் புது ரத்தம் ஊறத் தொடங்கினால் அளவு சட்டென்று குறையலாம். சுகர் குறைந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.
- ரத்தம் ஏற்றியிருந்தால் ரிசல்ட்டை நம்ப முடியாது.
- ரத்தசோகை இல்லாவிட்டாலும், கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்கள் வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் அளவு இயல்பாகவே கொஞ்சம் குறைந்து காட்டும்.

அதனால் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைத் தனியாகப் பார்க்காதீர்கள். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் அளவையும் வைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பகால சர்க்கரையைக் கண்டுபிடிக்கும் வேலையில் குளுக்கோஸ் டெஸ்டின் இடத்தை இது பிடிக்க முடியாமல் இருப்பதும் இந்தக் குழப்பங்களால்தான்.

புதிதாகப் பேசப்படும் மார்க்கர்கள் என்னென்ன?

மார்க்கர் என்றால் உடலுக்குள் நடப்பதை வெளியே காட்டிக்கொடுக்கும் அடையாளம். ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதமோ, கொழுப்போ, ஹார்மோனோ அப்படி அடையாளமாக இருக்கலாம்.

டிரைகிளிசரைடு: ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு. கர்ப்ப காலத்தில் இது எல்லாருக்குமே ஏறும். ரொம்ப அதிகமாக ஏறிய தாய்மார்களுக்குப் பெரிய குழந்தை பிறப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் குழந்தை எடை கூடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எந்த அளவுக்கு மேல் ஆபத்து, அளவு கூடினால் என்ன சிகிச்சை என்பதில் தெளிவான முடிவு இல்லை.

அடிப்போனெக்டின்: கொழுப்புத் திசு சுரக்கும் புரதம். இது குறைவாக இருப்பவர்களுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. முதல் மூன்று மாதத்தில் இது குறைவாக இருந்தால் பிற்பாடு சுகர் வரும் வாய்ப்பு அதிகம். இப்போதைக்கு ஆய்வுக்கூடங்களின் மார்க்கர்தான் இது. வழக்கமான பரிசோதனையில் இல்லை.

பாப்-ஏ: 'டபுள் மார்க்கர்' டெஸ்ட் எடுத்தவர்களுக்கு இந்தப் பெயர் ரிப்போர்ட்டில் இருக்கும். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் அந்த டெஸ்ட் டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைப் பார்ப்பதற்கானது. பாப்-ஏ குறைவாக இருப்பதற்கும் கர்ப்பகால சர்க்கரை, ப்ரீ-எக்ளாம்ப்சியா, குழந்தை வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் டபுள் மார்க்கர் நார்மல் என்றால் சுகர் டெஸ்ட் தேவையில்லை என்று அர்த்தம் கிடையாது. இரண்டும் வேறு வேறு.

பிஎல்ஜிஎஃப் மற்றும் எஸ்-எஃப்எல்டி-1: நஞ்சுக்கொடி நன்றாக வளர உதவும் புரதம் முதலாவது. அதை வேலை செய்யவிடாமல் மறிக்கும் புரதம் இரண்டாவது. மறிக்கும் புரதம் கூடி, உதவும் புரதம் குறைந்தால் ப்ரீ-எக்ளாம்ப்சியா நெருங்குகிறது என்று பொருள். 2016ல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், ப்ரீ-எக்ளாம்ப்சியா சந்தேகம் இருந்த பெண்களில் இந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்களில் 99.3 சதவீதம் பேருக்கு அடுத்த ஒரு வாரத்தில் அது வரவில்லை. ஆனால் 38ஐத் தாண்டியவர்களில் அடுத்த நான்கு வாரத்தில் அது வந்தது 36.7 சதவீதம் பேருக்குத்தான்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "வராது" என்று சொல்வதில் இந்த டெஸ்ட் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது. "வரும்" என்று சொல்வதில் அவ்வளவு இல்லை. அதோடு, இது சர்க்கரை உள்ளவர்களுக்கென்று தனியாக உருவாக்கப்பட்ட டெஸ்டும் இல்லை.

ஃப்ரக்டோஸமின், கிளைகேட்டட் ஆல்புமின்: ஹீமோகுளோபினுக்குப் பதிலாக ரத்தத்தில் உள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் டெஸ்ட்கள். கடைசி இரண்டு, மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும். ரத்தசோகையால் அவ்வளவாகப் பாதிக்கப்படாது என்பது கூடுதல் வசதி. ஆனால் கர்ப்பிணிகளுக்கான உறுதியான வரம்பு இன்னும் வகுக்கப்படவில்லை.

ஒரே ஒரு மார்க்கர் ஏன் போதாது?

ஒரு எளிய கணக்கு பார்ப்போம். இது உதாரணத்துக்கு மட்டும்.

கர்ப்பகால சர்க்கரை உள்ள 1,000 பெண்களில் 100 பேருக்கு ஒரு சிக்கல் வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மார்க்கர் அந்த 100 பேரில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. மீதி 900 பேரில் 20 சதவீதத்தினரை, அதாவது 180 பேரை, தவறாக "ஆபத்து" என்கிறது.

மொத்தம் 260 பேருக்கு "ஆபத்து" என்று ரிப்போர்ட் வரும். அதில் உண்மையிலேயே சிக்கல் வரப்போவது 80 பேருக்கு. மூன்றில் இரண்டு பங்குப் பேர் காரணமே இல்லாமல் பயந்து, தேவையில்லாத ஸ்கேனும் அவசர சிசேரியனும் வரை போகலாம். இன்னொரு பக்கம், சிக்கல் வரவிருக்கும் 20 பேருக்கு "நார்மல்" என்று வந்திருக்கும். அவர்கள் அசட்டையாக இருந்துவிடலாம்.

80 சதவீதம் கண்டுபிடிக்கும் என்று கேட்க நன்றாக இருக்கும் ஒரு டெஸ்டின் நிலையே இதுதான். அதனால்தான் டாக்டர்கள் ஒரு மார்க்கரை மட்டும் நம்புவதில்லை. வயது, எடை, ரத்த அழுத்தம், முந்தைய பிரசவம், ஸ்கேனில் குழந்தையின் வளர்ச்சி, இவற்றோடு சர்க்கரை அளவையும் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். டெஸ்டில் ஆபத்து என்று வந்தால், அடுத்து செய்வதற்கு ஏதாவது இருக்கிறதா? ப்ரீ-எக்ளாம்ப்சியா விஷயத்தில் இருக்கிறது. முதல் மூன்று மாத முடிவில் அதிக ஆபத்து என்று கணிக்கப்பட்ட பெண்களுக்கு தினமும் இரவு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்த ஆய்வு 2017ல் வெளியானது. குறைமாதத்தில் வரும் ப்ரீ-எக்ளாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. (டாக்டர் சொல்லாமல் இதை யாரும் தானாக எடுக்கக் கூடாது.) இப்படி அடுத்த படி இருக்கும்போதுதான் மார்க்கருக்கு மதிப்பு. பல ஆயிரம் ரூபாய் பேக்கேஜில் டெஸ்ட் எடுக்கச் சொன்னால், "இதில் கூடுதலாக வந்தால் என் சிகிச்சை மாறுமா?" என்று கேளுங்கள். மாறாது என்றால் அந்தக் காசுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி, சாப்பிட்ட பிறகு வீட்டிலேயே சுகர் பார்ப்பது உபயோகம்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டா?

உண்டு என்றுதான் அண்மை ஆய்வுகள் சொல்கின்றன. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, ஸ்வீடன், இந்தியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு 2023ல் வெளியானது. 20 வாரத்துக்கு முன்பே சர்க்கரையைக் கண்டுபிடித்து உடனே சிகிச்சை தொடங்கியவர்களில் 24.9 சதவீதம் குழந்தைகளுக்குப் பிறப்பில் பிரச்னைகள் வந்தன. சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களில் அது 30.5 சதவீதம். லேசான சர்க்கரை மட்டும் உள்ளவர்களுக்கு அவசரப்பட்டு சிகிச்சை கொடுத்தால் குழந்தை சிறியதாகப் பிறக்கலாம் என்ற எச்சரிக்கையும் அதே ஆய்வில் இருந்தது.

தென்னிந்தியா, கென்யா, பிரிட்டன் ஆகிய மூன்று இடங்களில் நடந்த 'ஸ்ட்ரைட்' ஆய்வுத் திட்டத்தின் முடிவுகள் 2024ல் வந்தன. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுக்கும் ஹெச்பிஏ1சியை வயது, எடை, குடும்ப வரலாறு ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால், யாருக்கு சுகர் வரலாம் என்று பிரித்துப் பார்க்க முடியும், பலருக்கு குளுக்கோஸ் குடிக்கும் டெஸ்டே தேவைப்படாமல் போகலாம் என்பது அதன் சாரம். சேஷையா குழுவினரோ இன்னும் எளிமையாக, 10ஆவது வாரத்திலேயே சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சுகர் 110ஐத் தாண்டினால் உஷாராக வேண்டும் என்று சொல்லி வருகிறார்கள். குழந்தையின் கணையம் ஏறக்குறைய 11ஆவது வாரத்தில் இன்சுலின் சுரக்கத் தொடங்குவது இதற்கு அவர்கள் சொல்லும் காரணம். இவை எதுவும் இன்னும் அரசு நடைமுறையாகவில்லை.

புதுக்கோட்டையில் எங்கே நழுவுகிறது?

மகப்பேறு நலம் என்ற பேச்சில் புதுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு. 1886ல் இங்கே பிறந்து, 1912ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் நடக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள திட்டம் அது. மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அறந்தாங்கி போன்ற ஊர்களில் அரசு மருத்துவமனைகள், நகரில் ராணியார் மருத்துவமனை, 2017ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி என்று வரிசையாக வசதிகள் இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் சுகர் டெஸ்ட் நழுவ வாய்ப்புள்ள இடம் ஒன்று உண்டு. அது நம் வழக்கத்தில் இருக்கிறது.

அரசு வழிகாட்டுதல்படி முதல் டெஸ்ட், கர்ப்பம் உறுதியாகி முதன்முறை பரிசோதனைக்கு வரும்போதே. அது நார்மல் என்றால் இரண்டாவது டெஸ்ட் 24 முதல் 28 வாரத்துக்குள். அதாவது ஆறு, ஏழாம் மாதம். நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் உச்சத்தை நோக்கிப் போகும் நேரம் என்பதால், பலருக்கு இந்த டெஸ்டில்தான் சுகர் தெரியவரும்.

அதே ஏழாம் மாதத்தில்தான் பல வீடுகளில் வளைகாப்பு. முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். விராலிமலையில் பதிவு செய்த பெண் ஆவுடையார்கோவிலுக்குப் போகலாம். திருமயத்தில் பார்த்த நர்ஸம்மா வேறு, கறம்பக்குடியில் பார்க்கப்போகும் நர்ஸம்மா வேறு. "அங்கேயே எல்லா டெஸ்டும் எடுத்துட்டோம்" என்று இங்கே சொல்வார்கள். "அங்கே போய் எடுத்துக்குவாங்க" என்று அங்கே நினைப்பார்கள். நடுவில் இரண்டாவது டெஸ்ட் விட்டுப்போகும்.

இதற்கு வழி எளிது. பிக்மி பதிவில் கிடைத்த ஆர்சிஎச் எண் தமிழ்நாட்டில் எங்கே போனாலும் அதேதான். அந்த எண்ணையும் தாய் சேய் நல அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே இரண்டாவது சுகர் டெஸ்டுக்கும் ஒரு தேதி குறித்துவிடுங்கள்.

சுகர் வந்தால் சாப்பாடு?

முதல் சிகிச்சை உணவுதான். இரண்டு வாரம் உணவை மாற்றிப் பார்த்துவிட்டு மறுபடி டெஸ்ட் எடுப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120க்குக் கீழே இருந்தால் உணவுக் கட்டுப்பாட்டையே தொடரலாம். தாண்டினால் மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் குழந்தைக்குப் போகாது. எனவே பயம் வேண்டாம்.

- "ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்" என்று அப்பத்தா சொல்வது பாசம். ஆனால் இரண்டு பேர் சாப்பாடு தேவையில்லை. மூன்று வேளையைச் சிறு சிறு பங்காக ஐந்தாறு வேளையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.
- பட்டினி கிடக்கக் கூடாது. சோறு வேண்டாம் என்று ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது. சோற்றைக் குறைத்து, காய், கீரை, பருப்பு, முட்டை, மீனைக் கூட்டுங்கள்.
- கேப்பைக் கூழ் சுகரை ஏற்றாது என்பது தவறான நம்பிக்கை. மாவாக அரைத்துக் கூழாகக் குடிக்கும்போது சர்க்கரை வேகமாகவே ஏறும். களியோ அடையோ காய்கறியோடு அளவாகச் சாப்பிடலாம்.
- ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பலா சீசனில் வீட்டுக்கு வீடு சுளை இருக்கும். ஒன்றிரண்டு சுளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும்.
- ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழம், சத்துமாவு ஆகியவற்றை எவ்வளவு எடுக்கலாம் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாகத் தவிர்க்க வேண்டியதில்லை.
- டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, சாப்பிட்ட பிறகு சிறிது நேரம் நடப்பது நல்ல பலன் தரும்.

எப்போது உடனே மருத்துவமனை போக வேண்டும்?

அடுத்த டெஸ்ட் தேதி வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் இவை:

- குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது
- விடாத தலைவலி, கண் மங்குவது
- முகம், கை திடீரென வீங்குவது
- மேல் வயிற்றில் கடும் வலி
- ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவது

குழந்தை பிறந்ததும் முடிந்துவிடுமா?

இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். குழந்தையின் சர்க்கரை குறைந்துவிடாமல் இருக்க அதுதான் முதல் மருந்து. குதிகாலில் சிறு துளி ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். பிஞ்சுக் காலில் குத்துகிறார்களே என்று தடுக்க வேண்டாம்.

தாய்க்கு, பிரசவம் முடிந்து ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட். பெரும்பாலோருக்கு சுகர் நார்மலுக்குத் திரும்பியிருக்கும். ஆனால் கர்ப்பகால சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் டைப்-2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, வராதவர்களைவிட சுமார் 10 மடங்கு அதிகம் என்று 2020ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. பாஸ்டன் ஆய்வாளர்கள் 1964ல் தேடியதும் இதைத்தான்.

இந்த ஆறாவது வார டெஸ்டும் எளிதில் விட்டுப்போகக் கூடியது. பெண் தாய்வீட்டில் இருப்பார். கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு வழி இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போடும் நாளும் இதே ஆறாவது வாரம்தான். ஊசி போடப் போகும் அன்றே அம்மாவுக்கும் டெஸ்ட் எடுத்துவிடலாம். அதன்பிறகு வருடம் ஒருமுறை சுகர் பார்த்தால் போதும்.

எந்த மாதம், எந்த டெஸ்ட்? ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

- முதல் பரிசோதனை: 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், எடை. சர்க்கரை ஆபத்து அதிகம் உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.
- 24 முதல் 28 வாரம்: முதல் டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் இரண்டாவது குளுக்கோஸ் டெஸ்ட் கட்டாயம்.
- குளுக்கோஸ் குடித்த 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் டெஸ்டை மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வாந்தி வந்தால் டெஸ்டைத் தொடரலாம்.
- சுகர் உறுதியானால்: இரண்டு வாரம் உணவு மாற்றம், பிறகு சாப்பிட்டு இரண்டு மணி நேர டெஸ்ட். இலக்கு 120க்குக் கீழே.
- ஒவ்வொரு முறையும்: ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம். டாக்டர் சொல்லும் வாரங்களில் வளர்ச்சி ஸ்கேன்.
- பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம்: தாய்க்கு குளுக்கோஸ் டெஸ்ட்.

அடிப்போனெக்டினும் பிஎல்ஜிஎஃப்பும் நாளைக்கு நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரலாம். அதுவரைக்கும், சிக்கலை முன்கூட்டிச் சொல்வதில் நம் கையில் இருக்கும் வலுவான துப்பு அந்தக் குளுக்கோஸ் தண்ணீரும் ஒரு ரத்த அழுத்தக் கருவியும்தான். அரசு சுகாதார நிலையங்களில் இரண்டுமே இலவசம். சரியான வாரத்தில் போய் நிற்பது மட்டும்தான் நம் வேலை.

சந்தேகங்களுக்கு உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரை அணுகலாம், அல்லது 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். இந்தக் கட்டுரை விழிப்புணர்வுக்காக மட்டுமே. மருந்தைத் தொடங்குவதோ நிறுத்துவதோ டாக்டரின் ஆலோசனைப்படிதான் இருக்க வேண்டும்.